தோட்டத்துப் புளிப்பு ஆப்பிளைப் புளிக்குப் பதிலாகப் போடலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்தில் புதிதாக வாங்கிய வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு பழைய ஆப்பிள் மரம் இருக்கிறது. செப்டம்பர் வந்தால் கூடை கூடையாகக் காய்க்கிறது, கடித்தால் பல் கூசுகிறது. பக்கத்து வீட்டு அம்மா 'ஆப்பிள் பை' என்ற இனிப்பைச் செய்யச் சொல்கிறார், உங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை. "சாம்பார், ரசத்தில் புளிக்குப் பதிலாக இதைப் போடலாமா? ஊறுகாய் போட்டால் நிற்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாம்பாரிலும் ரசத்திலும் ஏற்கெனவே போட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் பெரிய கேள்வி, இந்தப் புளிப்பு நம் சமையலில் எந்தப் புளிப்பின் இடத்தில் உட்காரும் என்பதுதான். அது தெரிந்துவிட்டால் எதில் போடலாம், எப்போது போடலாம் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். என் பதில்: இதை மாங்காயாக நினையுங்கள், புளியாக நினைக்காதீர்கள்.

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். கென்ட் பக்கம் பழக்கூழ் தயாரிக்கும் ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடம் வேலை பார்த்தேன். வீட்டில் 19 வருடமாக பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. ஆனால் மேலே சொன்ன பதிலை எனக்கு முதலில் சொன்னது கூடம் இல்லை, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா. மரத்தடியில் நின்று ஒரு காயை அரிவாள்மணை இல்லாத குறையோடு கத்தியால் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு வாயில் போட்டவர், "இது மாங்கா மாதிரில்லா இருக்கு" என்றார். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான் அதைப் புளியாக நினைத்துக் குழம்பில் போட்டு, ஏன் சரியாக வரவில்லை என்று தெரியாமல் இருந்தேன்.

காரணம் அமிலத்தில் இருக்கிறது. ஆப்பிளின் புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அந்த அளவுக்கு அது வேறு பழங்களில் கிடைப்பது அபூர்வம். மாங்காயில் சிட்ரிக், மாலிக் இரண்டும் உண்டு. நாக்குக்கு இவை வேறுவேறு. புளியின் புளிப்பு சுள்ளென்று அடித்துவிட்டு அடியில் ஒரு கனம் வைக்கும். ஆப்பிளின் புளிப்பு மெல்ல ஏறி, பச்சையான வாசனையோடு நாக்கில் தங்கும். மாங்காயும் அப்படித்தான் செய்யும்.

வகையை விடுங்கள், அளவைப் பாருங்கள். புளியின் சதையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அமிலம். பிராம்லி போன்ற சமையல் ஆப்பிளில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான். ஆக, எலுமிச்சை அளவு புளி, அதாவது 25 கிராம், தரும் புளிப்பை ஆப்பிளிலிருந்து எடுக்க 200 கிராமுக்கு மேல் பழம் வேண்டும். தோலும் விதைப்பகுதியும் போக ஒரு பெரிய பழம் முழுசாக வேண்டும். அந்தப் பழத்தோடு சும்மா புளிப்பு மட்டும் வராது. ஒரு டம்ளரை நெருங்கும் தண்ணீர் வரும், குழம்பைக் கெட்டியாக்கும் பெக்டின் வரும், சர்க்கரையும் வரும். புளியில் இருக்கும் இனிப்பைக் கழித்துப் பார்த்தாலும் குழம்பில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கூடுதலாகச் சேர்ந்த மாதிரி ஆகும். சாம்பார் அசட்டுத் தித்திப்பாக, கூழாக வந்தது என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் மரம் பிராம்லிதானா என்பதைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. பழம் கைக்கு அடங்காத அளவு பெரிதாக, சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் கோணலாக, பச்சையில் லேசான செம்மை ஓடியிருந்தால் அது பிராம்லியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய ஆங்கிலத் தோட்டங்களில் அதுதான் மிகுதி. பிராம்லிக்கெல்லாம் மூலம், 1809-ல் நாட்டிங்காம்ஷயரின் சௌத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வளர்ந்த ஒரே மரம். பிறகு அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் பிராம்லியின் பெயரோடு பரவியது. இன்று இருக்கும் பிராம்லி எல்லாம் அந்த மரத்தின் ஒட்டுக்கிளைகள்தான். அதனால் என் மரத்துக்குச் சொல்லும் அளவு உங்கள் பிராம்லிக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் உங்களுடையது யாரோ தின்று துப்பிய விதையில் முளைத்த மரம் என்றால், எந்த அளவும் பொருந்தாது, நாக்கை மட்டும் நம்புங்கள். அக்டோபரில் பல ஊர்களில் 'ஆப்பிள் டே' நடத்துவார்கள். அங்கே பழத்தைக் கொண்டுபோனால் வகையைப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். மூன்று நாலு பழம், இலையோடு எடுத்துப்போங்கள்.

பிராம்லியில் இன்னொரு குணம் உண்டு, அதைத் தெரியாமல் சமைக்கக் கூடாது. சூடு பட்டால் அது நிற்காது. மாங்காய்த் துண்டு பத்து நிமிடம் கொதித்தாலும் துண்டாக இருக்கும். பிராம்லி நாலைந்து நிமிடத்தில் பஞ்சாகப் பொங்கி உடைந்து கரைந்துவிடும். கடையில் கிடைக்கும் கிரானி ஸ்மித் இவ்வளவு கரையாது, இவ்வளவு புளிக்கவும் செய்யாது. அதனால் துண்டு தெரிய வேண்டிய சமையலா, கரைய வேண்டிய சமையலா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிளைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைக்காதீர்கள். முதல் வருடம் நான் வைத்தேன். இரண்டு விதத்தில் தப்பு. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு வேகாது, ஐந்து விசில் விட்டும் துவரம்பருப்பு நறுக்கென்று நின்றது. அதைவிட முக்கியம், ஆப்பிள் கூழ் நுரைத்து மேலே எழும்பி விசில் துளையை அடைத்துக்கொள்ளும். என் குக்கரில் விசில் வராமல் போனதைக் கவனித்து அடுப்பை அணைத்தேன், ஆறவிட்டுத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் முழுக்கக் கூழ் அப்பியிருந்தது. ஆவி வெளியேற வழியில்லாத குக்கர் ஆபத்து. பருப்பைத் தனியாக வேகவைத்து மசித்து, அது கொதிக்கும்போது ஆப்பிளைப் போடுங்கள்.

சரி, எதில் நன்றாக வரும்? மாங்காய்ப் பருப்பில் முதல் தரமாக வரும். ஒரு டம்ளர் வெந்த பருப்புக்கு முக்கால் ஆப்பிள், கீறிய பச்சைமிளகாய் நாலு, மஞ்சள், உப்பு. ஆப்பிள் கரைந்து பருப்போடு ஒன்றாகிவிடும், அதுதான் வேண்டும். தாளிப்பில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் தாராளமாகவே பெருங்காயம். சூடான சாதம், நெய். மாங்காய் என்று சொல்லிப் பரிமாறினால் நம்பிவிடுவார்கள். பச்சடியும் அப்படியே. ஆனால் மாங்காய்க்குப் போடும் வெல்லத்தில் பாதி போதும். வெந்ததை ருசி பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

தேங்காய் அரைத்த மீன் குழம்பில் மாங்காய் போடும் வழக்கம் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் உண்டு. அங்கே ஆப்பிள் அழகாகப் பொருந்தும். இங்கே மலிவாகக் கிடைக்கும் கானாங்கெளுத்திக்கு எண்ணெய்ப்பசை அதிகம், அதற்கு இந்தப் புளிப்பு சரியாக இருக்கும். தேங்காய், சீரகம், மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம் அரைத்த குழம்பு கொதித்து, மீனைப் போட்ட பிறகு, தோலோடு தடிமனாக நறுக்கிய ஆப்பிளை மேலே பரப்புங்கள். நாலு நிமிடம், கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டிவிட்டு இறக்குங்கள். தோல் பிடித்துக்கொண்டிருப்பதால் துண்டு உருவம் கெடாது, பாதி கரைந்த ஓரம் குழம்பில் இறங்கியிருக்கும். சட்டி மண்சட்டியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் ஆப்பிளைப் போட்டால் குழம்பு கறுத்து, உலோக வாடை வரும்.

சமைக்காமலும் நிறைய செலவழிக்கலாம். கடற்கரைச் சுண்டலில் தேங்காய், மாங்காய், பட்டாணி என்று போடுவோமே, அந்த மாங்காய் இடத்தில் பொடியாக நறுக்கிய ஆப்பிள். எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு இதுதான்; மரத்தில் காய் இருக்கிற காலமும் அதுதான். நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் பழுப்பாகிவிடும். கல்யாணப் பந்தி மாங்காய் ஊறுகாய் போல உடனடி ஊறுகாயும் இதே துண்டில் போடலாம்: உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், மேலே நல்லெண்ணெயில் கடுகு தாளிப்பு. மாங்காய் கிடைக்காத காலத்தில் ஊரிலேயே சமையல்காரர்கள் பச்சை ஆப்பிளில் இப்படிச் செய்வது உண்டு.

ரசத்துக்கு நீங்கள் செய்ததுபோல் ஆப்பிளை வேகவைத்துக் கரைக்காதீர்கள், தெளிவு போய்விடும். துருவி, மெல்லிய துணியில் பிழிந்து சாறு மட்டும் எடுத்து, எலுமிச்சை ரசத்தில் செய்வதுபோல் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். நன்றாகவே இருக்கும், ஆனால் புளி ரசம் என்று எதிர்பார்க்காதீர்கள். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், காரக்குழம்பு இந்த மூன்றையும் முயற்சி செய்யவே வேண்டாம். புளி சுண்டிக் கறுத்து எண்ணெய் பிரியும் அந்தக் கட்டம் ஆப்பிளில் வராது. சுண்டச் சுண்ட இனிப்புதான் ஏறும், ஜாம் வாடை வந்துவிடும். சாம்பாரில் கட்டாயம் போட வேண்டும் என்றால் வழக்கமான புளியில் பாதியை வைத்துக்கொண்டு, மீதிக்கு அரை ஆப்பிள் போடுங்கள்.

வட இந்தியாவில் இதற்கு ஏதாவது முன்மாதிரி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு, காஷ்மீரில். பண்டிட் வீடுகளில் புளிப்பு ஆப்பிளும் கத்தரிக்காயும் சேர்த்து 'சூண்ட் வாங்குன்' என்று ஒரு கறி செய்வார்கள். சூண்ட் என்றால் ஆப்பிள், வாங்குன் கத்தரிக்காய். இரண்டையும் நீளமாக நறுக்கிக் கடுகெண்ணெயில் தனித்தனியாகப் பொரித்து, பெருங்காயம், காஷ்மீர் மிளகாய்த்தூள், சோம்புப் பொடி, சுக்குப்பொடி போட்ட குழம்பில் சேர்ப்பார்கள். வெங்காயம், பூண்டு கிடையாது. அங்கே எடுப்பது கொஞ்சம் கெட்டியான ஆப்பிள். பிராம்லியில் செய்தால் தடிமனாக நறுக்கி, இரு பக்கமும் சிவந்ததும் எடுத்துவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தில்தான் குழம்பில் போட வேண்டும். நான் சமைத்த ஆப்பிள் சமையல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சோம்பும் சுக்கும் ஆப்பிளோடு இவ்வளவு சேரும் என்று செய்து பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

இந்தியாவின் மற்ற பகுதிகளில் இந்த வழக்கம் வேர்விடாததற்கும் காரணம் இருக்கிறது. 1870-ல் இமாசலத்தின் குல்லு பள்ளத்தாக்கில் உள்ள பந்த்ரோலில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் போட்ட தோட்டத்தில் இருந்தது இங்கிலாந்து ரகங்கள். அந்தப் புளிப்பு சந்தையில் எடுபடவில்லை. 1910களில், இமாசலத்தில் குடியேறிய அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து இனிப்பான ரெட் டெலிஷியஸைக் கொண்டுவந்து கோட்கட்டில் நட்ட பிறகுதான் இமாசல ஆப்பிள் ஊரெல்லாம் போனது. அதனால் ஆப்பிள் என்றாலே இனிப்புப் பழம் என்று நமக்குப் பழகிவிட்டது. இதற்கு நேர் எதிர்த் திசையில், நம் மிளகுத்தண்ணீரை 'முல்லிகடானி' என்று எடுத்துக்கொண்டு போன ஆங்கிலேயர்கள், புளியும் மாங்காயும் கிடைக்காத ஊரில் அதில் ஆப்பிளை நறுக்கிப் போட்டார்கள். நீங்கள் இப்போது செய்யப் பார்ப்பதும் அதுதான்.

ஊறுகாய் விஷயத்துக்கு வருகிறேன். பச்சையாக உப்பில் ஊறவைத்து வருடக்கணக்கில் வைக்கும் ஆவக்காய் மாதிரி ஊறுகாய்க்கு ஆப்பிள் வேண்டாம். துண்டு நொய்ந்து போகும், இனிப்பு இருப்பதால் புளித்து நுரைக்கும். மேலே சொன்ன உடனடி ஊறுகாயை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நிற்கக்கூடியது தொக்கு. ஒரு கிலோ ஆப்பிளைத் துருவக்கூட வேண்டாம், பொடியாக நறுக்கினால் போதும், அதுவே கரையும். அகலமான அடிகனமான பாத்திரத்தில் 150 மில்லி நல்லெண்ணெய், கடுகு பொரிந்ததும் ஆப்பிள், மஞ்சள், இரண்டரை மேசைக்கரண்டி உப்பு. முதல் இருபது நிமிடம் தண்ணீர் வற்றுகிற வேலைதான். கூழ் கொப்பளித்துத் தெறிக்கும், கையில் பட்டால் நன்றாகச் சுடும், நீளக் காம்புக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கோடாகத் தெரிந்து, கூழ் மெதுவாக வந்து மூடுகிற பதத்தில் நாலு மேசைக்கரண்டி மிளகாய்த்தூளையும், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒன்றரை டீஸ்பூனையும், பெருங்காயத்தையும் போடுங்கள். வெந்தயத்தை மாங்காய்த் தொக்கைவிடக் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம், ஆப்பிளின் தித்திப்பை அந்தக் கசப்புதான் அடக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் இறக்கி, ஆறிய பிறகு ருசி பாருங்கள். புளிப்பு போதாவிட்டால் ஒரு எலுமிச்சை பிழியலாம்.

இது எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் தெரிந்ததையும் கணிப்பையும் பிரித்துச் சொல்கிறேன். நன்கு புளிக்கும் ஆப்பிளின் பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3 முதல் 3.5 வரை. கொடிய பொட்டுலிசக் கிருமி 4.6-க்குக் கீழே வளராது. இது உறுதி. ஆனால் பூஞ்சையும் ஈஸ்ட்டும் இந்தப் புளிப்புக்குப் பயப்படாது. எங்கள் வீட்டில் கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில், மேலே எண்ணெய் நிற்க, ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் நன்றாக இருந்திருக்கிறது. அது என் பாட்டில், என் உப்பின் அளவு. உங்களுக்கும் அதே இரண்டு மாதம் என்று உத்தரவாதம் தர மாட்டேன், வெளியே அலமாரியில் வைக்கச் சொல்லவும் மாட்டேன். நிறையப் பூண்டு சேர்த்துச் செய்தால் கணக்கே மாறும், பூண்டில் புளிப்பு இல்லை. அதை இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

அழுகல் பற்றி மட்டும் நான் கறாராக இருப்பேன். ஆப்பிளில் வரும் நீலப்பச்சைப் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தால் அது முழுக்க அழியாது. ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே உண்டு. எங்கள் கூடத்தில் ஒரு லாரிப் பழத்தையே இதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஆகவே அழுகின பாதியை வெட்டிவிட்டு மீதியைத் தொக்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், முழுசாகத் தூக்கிப்போடுங்கள். புழு குடைந்த பழம் வேறு கதை. குடைந்த வழியை வெட்டி எடுத்துவிட்டு, அழுகல் இல்லையென்றால் தாராளமாகச் சமைக்கலாம். விதையை எப்போதும் நீக்கிவிடுங்கள், மிக்ஸியில் அரைபடக் கூடாது. அரைத்தால் சயனைடாக மாறும் பொருள் அதில் உண்டு.

அடிபடாத பழத்தை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, குளிர்ந்த ஷெட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் பிப்ரவரி, மார்ச் வரை வரும். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்திருக்க வைத்திருக்கப் புளிப்பு குறையும், பழம் மூச்சுவிடும்போது தன் அமிலத்தையே செலவழிக்கிறது. செப்டம்பரில் முக்கால் பழம் போட்ட பருப்புக்கு ஜனவரியில் ஒன்றரை வேண்டியிருக்கும். முழுப் புளிப்பையும் பிடித்து வைக்க வேண்டுமென்றால் இப்போதே வேகவைத்து மசித்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் நாலு பேர் பருப்புக்கு ஐந்து கட்டி. சித்திரை மாதப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்யவும் அதுதான் எனக்குக் கைகொடுக்கிறது. உலர்த்தி ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்ப் பொடி) மாதிரிப் பொடிக்கவும் செய்து பார்த்தேன். ஓவனில் 70 டிகிரியில் எட்டு மணி நேரம் ஆனது, பொடி ஒரே வாரத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிட்டது. அதற்கு ஆகும் மின்சாரத்துக்கு ஆம்சூரையே வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாரம் முதலில் மரத்தில் இருப்பதைப் பறியுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கையில் வர வேண்டும், வராவிட்டால் இன்னும் பத்து நாள் விடுங்கள். கீழே விழுந்ததில் நல்லதை அன்றைக்கே பருப்புக்கும் தொக்குக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஷெட்டில் அடுக்க வேண்டாம். தொக்கு வைத்த பிறகு எப்படி வந்தது என்று எழுதுங்கள். உப்பு, காரம் எங்கே இடித்தது என்று சொன்னால் உங்கள் மரத்துக்கு ஏற்றபடி அளவை மாற்றிச் சொல்கிறேன்.